மிளகு ஷெட்டில் நான் சொன்ன இங்கிலீஷ்

தொண்ணூற்றேழில் எனக்கு வேலை ஆர்டர் வந்தபோது அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "மேலயா போட்டிருக்கறாங்க?" என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊர் முள்ளுக்குறிச்சிக்குப் பக்கம். காட்டில் கடலைக்கொடி பிடுங்கும்போது நிமிர்ந்தால் கொல்லிமலைதான் கண்ணில் படும். ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் அதுவரை மேலே ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. "ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு கண்ணு, மாத்தல் வாங்கிக்கலாம்" என்றார் அப்பா. ஆறு வருஷம் இருந்தேன்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அப்படி ஒன்றான பெரக்கரை நாட்டில் இருந்த அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை. குடியிருக்க வீடு பார்த்துக் கொடுத்தவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். அப்பாவுக்குத் தெரிந்தவர். எனக்கு அண்ணன் முறை. பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரோட்டோரமாக அவருக்கு ஒரு மிளகு ஷெட் இருந்தது. மலையில் மிளகை வாங்கி, களத்தில் காயவைத்து, மெஷினில் சலித்துத் தரம் பிரித்து, மூட்டை பிடித்துக் கொச்சிக்கு லாரி ஏற்றுவார். கொச்சியில் இருக்கும் ஏற்றுமதிக்காரர் அதை வெளிநாட்டு மசாலா கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணனின் ஜீப்பில்தான் நான் ஊருக்கு இறங்குவேன். வழியில் எனக்கு வாந்தி வரும் என்று எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருப்பார். கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் போன மறுவருஷம் ஒரு நாள் பள்ளி விட்ட நேரத்தில் அவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார்.

"அம்மிணி, இது வெளிநாட்டுலருந்து வந்திருக்குது. தமிழ்ல எழுதிச் செவுத்துல மாட்டோணுமாம். மாட்டாட்டி சரக்கு எடுக்க மாட்டாங்களாம். நீ கொஞ்சம் பாத்து எழுதிக் குடு."

எட்டுப் பக்கம் இருந்தது. தொழிலாளிகளை எப்படி நடத்த வேண்டும், எந்த வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது, குடிதண்ணீர், கக்கூஸ், முதலுதவிப் பெட்டி, மெஷினின் ஓடுகிற பாகங்களுக்குத் தடுப்பு என்று ஒவ்வொன்றாகப் போட்டிருந்தது. படிக்கப் படிக்க எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கோ கடல் தாண்டி இருக்கும் ஒரு கம்பெனி, பெரக்கரை நாட்டில் மிளகு புடைக்கிற பெண்களைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறதே என்று. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். தலைப்புக்கு 'பொறுப்புள்ள வணிகத்துக்கான நெறிகள்' என்று வைத்தேன். பெயிண்டர் வந்து நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதினார். கடைசி வரிக்கு இடம் பற்றவில்லை. 'இந்த நெறிகளை மீறும் இடத்திலிருந்து நாங்கள் சரக்கு வாங்க மாட்டோம்' என்பது அந்த வரி.

"அது உட்டாப் பரவால்ல. அது எனக்குத்தானே, அவிகளுக்கு எதுக்கு?" என்றார் அண்ணன்.

ஷெட்டில் முப்பது பெண்கள் வரை வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர்தான் மெஷின் பக்கம் நிற்கிற அக்கா. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். அவருடைய மகள் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தாள். புருஷன் மிளகுச் சீசனில், கொடி படர்ந்த சவுக்கு மரங்களில் ஏறி மிளகு பறிப்பார். மற்ற மாதங்களில் கேரளாவுக்குப் போய்விடுவார். மோட்டாரிலிருந்து சல்லடைக்கு ஒரு நீளமான பெல்ட் ஓடும். சல்லடையில் மிளகைக் கொட்டுவதும், காம்பும் தூசியும் அடைத்துக்கொண்டால் விளக்குமாற்றால் தள்ளிவிடுவதும் அக்காவின் வேலை. பெல்ட்டுக்கு மூடி எதுவும் கிடையாது. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வார். மிளகுத் தூசியில் அவர் கண் எப்போதும் சிவந்திருக்கும்.

பலகை மாட்டிச் சில மாதம் கழித்து, கம்பெனியிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அண்ணன் ஒரே ஓட்டமாக ஓடினார். கக்கூஸ் கட்டினார். எல்லோருக்கும் மூக்குத்துணி வாங்கினார். ராசிபுரத்திலிருந்து வெல்டிங்காரரைக் கூட்டிவந்து பெல்ட்டுக்கு ஒரு தகரக் கூண்டு அடித்து மாட்டினார். மறுநாள் காலை ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா. கொச்சி ஆள் ஒருவர் கூட வந்தார். பெண்களிடம் பேசப் பெண்தான் வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்ததால், தலைமையாசிரியரிடம் கேட்டு என்னை அழைத்துப் போனார் அண்ணன்.

எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அந்தக் கம்பெனி சரக்கு வாங்குகிற ஒவ்வொரு ஊரிலும் ஒரு நல்ல காரியம் செய்யும் என்றும், பார்வை திருப்தியாக முடிந்தால் எங்கள் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வசதியோடு கக்கூஸ் கட்டித் தரும் என்றும் கொச்சி ஆள் சொல்லியிருந்தார். எங்கள் பிள்ளைகள் விடியும் முன் கூட்டமாகப் புதருக்குப் போய்விட்டு வருவார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகள் மாதத்தில் நான்கு நாள் வகுப்புக்கே வராமல் இருந்துவிடுவார்கள். நான் கலெக்டர் ஆபீஸ் வரை மனு எழுதிப் பார்த்து ஓய்ந்திருந்தேன்.

அந்த அம்மா நேர்மையான மனுஷி. அண்ணனையும் கொச்சி ஆளையும் ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் சாக்கு விரித்து, பெண்களோடு தரையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். நாங்கள் பேசுவதை வேறு யாரும் கேட்க வழியில்லை. எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்த பிறகு, மெஷின் பக்கம் நிற்கிறவர் யார் என்று விசாரித்து, அக்காவிடம் கேட்டார். மெஷின் ஓடும்போது பெல்ட்டின் மேல் தடுப்பு எப்போதும் இருக்கிறதா?

நான் தமிழில் கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "இன்னிக்கி இருக்குதுங்க டீச்சர். நேத்துத்தான் வந்து மாட்டீட்டுப் போனாங்க" என்றார்.

அந்த அம்மா பேனாவோடு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"ஆமாம், இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவ்வளவுதான். யாரும் என்னை மிரட்டவில்லை. அண்ணன்கூட, "நீ என்ன சொல்லோணுமோ அதச் சொல்லு அம்மிணி" என்றுதான் அனுப்பியிருந்தார். இன்று என்ற வார்த்தையையும் நேற்று என்ற வார்த்தையையும் நானாகத்தான் விட்டேன். விட்டால் முப்பது பேருக்கு வேலை நிலைக்கும், பிள்ளைகளுக்குக் கக்கூஸ் வரும், கூண்டுதான் மாட்டியாகிவிட்டதே, இனி அது இருக்கத்தானே போகிறது என்று அந்த ஒரு நொடியில் எனக்குள் கணக்கு ஓடியது. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தான் சொன்னதைவிட நான் சொன்னது சின்னது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.  அவர் தலை குனிந்து, சாக்கில் ஒட்டியிருந்த மிளகு ஒன்றைப் பொறுக்கிக் களத்துப் பக்கம் எறிந்தார்.

அறிக்கை நன்றாகப் போயிற்று. கொச்சியிலிருந்து ஆர்டர் கூடியது. பள்ளிக்குப் பின்னால் அஸ்திவாரம் தோண்டினார்கள். பிள்ளைகள் தினமும் இடைவேளையில் போய் எவ்வளவு தோண்டியாயிற்று என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஆர்டர் கூடியதும் மெஷின் நிற்க நேரமில்லாமல் ஓடியது. கூண்டு இருந்தால் தூசி அடைப்பதைத் தள்ள முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான்கு போல்ட்டைக் கழற்ற வேண்டும். பத்து நாளுக்குள் கூண்டு ஷெட்டுக்கு வெளியே செவுத்தோரம் வந்துவிட்டது. அதன் மேல் பெண்கள் மூக்குத்துணிகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். நான் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனேன். ஒருமுறை ஜீப்பில் இறங்கும்போது மட்டும் சொன்னேன்.

"அண்ணா, அந்தக் கூண்டு வெளிய கெடக்குதுங்களே."

"மாட்டிக்கலாம் அம்மிணி. இந்தச் சீசன் ஒண்ணு முடியட்டும். இப்ப நிறுத்தி நிறுத்தி ஓட்டுனா லாரிக்குச் சரக்குச் சேராது."

 எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாசி மாதம். மூன்றாவது பீரியடு. ஷெட்டிலிருந்து மோட்டார் சத்தம் நின்றது. மோட்டார் நிற்பது புதிதல்ல, கரண்ட் போனால் நிற்கும். ஆனால் கூடவே பெண்களின் கூச்சல் கேட்டது. நான் சாக்பீஸோடு ஓடினேன்.

முந்தானை பெல்ட்டில் மாட்டியிருக்கிறது. அதை இழுக்கப் போன வலது கையையும் பெல்ட் சக்கரத்துக்குள் கொண்டுபோயிருக்கிறது. சுவிட்ச் கதவுப் பக்கம் இருந்தது. ஒருத்தி ஓடிப் போய் அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது, சாவி அண்ணனிடம். அவர் களத்தில் இருந்தார். ஒரு கிழவி தன் சேலையைக் கிழித்துக் கட்டினார். ஜீப்பின் பின்சீட்டில் அக்காவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் உடம்பு என் மேல் சரிந்தது. கத்தவில்லை. பாதி வழியில் கண்ணைத் திறந்தார்.

"டீச்சர், புள்ள உங்க கிளாஸ்லதான இருக்கறா?"

"ஆமாங்க்கா."

"பரிச்ச முடியற வரைக்கும் அவளுக்குச் சொல்லீறாதீங்க."

அவருடைய மகள் அப்போதே ஷெட் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். நான், "சொல்லலைங்க்கா" என்றேன்.

கீழே பெரியாஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அண்ணன் பார்த்தார். அக்காவின் புருஷனுக்கு ஷெட்டிலேயே வாட்ச்மேன் வேலை போட்டுத் தருவதாகவும், அக்கா உயிரோடு இருக்கும் வரை வீட்டுக்கு அரிசி போய்ச் சேரும் என்றும் சொன்னார். அப்படிச் செய்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். அவர் அந்த நாட்களில் சாப்பிடாமல் சுற்றினார். கூண்டை அவரே தூக்கி வந்து மாட்டினார்.

விஷயம் கொச்சி வழியாக வெளிநாட்டுக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து அதே அம்மா மறுபடி வந்தார். அக்கா அப்போது பைல் நாட்டில் தன் அம்மா வீட்டில் இருந்தார். ஜீப் போகிற மட்டும் போய், அப்புறம் நடந்து போனோம். அந்த அம்மா, கொச்சி ஆள், நான். அண்ணன் வரவில்லை.

அக்கா வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே துண்டு போர்த்தியிருந்தார். மகள் கொட்டாங்குச்சியில் எண்ணெய் எடுத்து வந்து அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

அந்த அம்மா கேட்டார். அன்று கூண்டு இருந்ததா? யார் கழற்றியது?

அக்கா யோசிக்கவே இல்லை. "நாந்தானுங்க கழட்டுனேன். தூசி அடைச்சிருந்துது. மொதலாளி மாட்டித்தான் ஓட்டோணும்னு சொல்லீருந்தாருங்க. எம்மேலதான் தப்பு. ஷெட்ட நிறுத்தீறாதீங்கன்னு சொல்லுங்க டீச்சர்."

இந்த முறை நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஷெட்டை நிறுத்த வேண்டாம் என்றதையும் சொன்னேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார். அக்காவின் இடது கையைப் ஒரு முறை பிடித்துவிட்டு எழுந்தார்.

திரும்பி நடந்தோம். ஜீப் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டேன். கொச்சி ஆள் முன்னால் போய்விட்டிருந்தார். "அவர் இப்போது சொன்னது உண்மை இல்லை" என்றேன். "போன தடவை நான் உங்களிடம் சொன்னதும் உண்மை இல்லை." எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அன்று சொன்ன இரண்டு வாக்கியங்கள், நான் சொன்ன ஒன்று, செவுத்தோரம் கிடந்த கூண்டு, பூட்டியிருந்த பெட்டி. சொல்லும்போது அழுதேன். பாரம் இறங்குகிறது என்றுகூடத் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அன்று உண்மையைச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தீர்கள்?"

"நிறுத்திவிடுவீர்கள் என்று."

"ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருப்பேன். மாத முடிவில் சொல்லாமல் வந்து பார்த்திருப்பேன். அவ்வளவுதான் அப்போது என் வேலை" என்றார். கொஞ்சம் கழித்து, "இனி முடிவு என் கையில் இல்லை" என்றார்.



வைகாசியில் கடிதம் வந்தது. அண்ணன் அதை என் கையில் கொடுத்து, "நீயே படிச்சு அவிகளுக்குச் சொல்லீரு" என்றார். களத்தில் எல்லாப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். படித்தேன். தடுப்பு கழற்றப்பட்டிருந்ததை மொழிபெயர்த்த ஆசிரியையே தெரிவித்திருக்கிறார், பாதுகாப்பு விஷயத்தில் கம்பெனி எந்தச் சமரசத்துக்கும் இடம் தராது, தொழிலாளர்களின் நலனை முன்னிட்டு இந்த இடத்திலிருந்து இனிச் சரக்கு வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறது, இதனோடு சேர்ந்த நலப்பணிகளும் நிறுத்தப்படுகின்றன. எழுத்து மிக மரியாதையாக இருந்தது.

அன்று சேலையைக் கிழித்துக் கட்டிய கிழவி கேட்டார். "எங்க நல்லதுக்காகவா எங்களுக்கு வேல இல்லீன்றாங்க?"

"அப்படித்தான் எழுதியிருக்குதுங்க ஆத்தா."

"அந்தப் பலகையில இது இல்லீங்களே டீச்சர். புள்ளைங்கள வெச்சுப் படிக்கச் சொல்லிக் கேட்டமே, இந்தப் பேச்சு இல்லீங்களே."

பெயிண்டருக்கு இடம் பற்றவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேறு வியாபாரிகள் மிளகு வாங்கினார்கள். அவர்கள் காயவைத்த மிளகை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். சலிக்க ஆள் தேவைப்படவில்லை. அண்ணன் மெஷினைக் கழற்றி விற்றுவிட்டு மரவள்ளிக் கிழங்கு வியாபாரத்துக்கு இறங்கினார். என்னைத் திட்டவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ரோட்டில் பார்த்தபோது, "உன்னைய நம்பித்தான கூட்டியாந்தேன் அம்மிணி" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதன்பிறகு நான் பஸ்ஸில்தான் இறங்கினேன். பள்ளிக்குப் பின்னால் இடுப்பளவு எழும்பிய சுவர்கள் அப்படியே நின்றன. பிள்ளைகள் மறுபடி புதருக்குப் போனார்கள். ஷெட்டில் வேலை செய்த பெண்கள் என்னைப் பார்த்தால் சிரித்தார்கள். ஆனால் கீரையோ பலாப்பழமோ கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவது நின்றுபோயிற்று.

மழைக்காலத்தில் அந்த வெள்ளைக்கார அம்மாவிடமிருந்து பள்ளி விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கம்பெனிக் காகிதம் இல்லை, கையெழுத்தில் எழுதியிருந்தார். தான் அந்த வேலையை விட்டுவிட்டதாகவும், அந்தப் பெண் எப்படி இருக்கிறார் என்று அவருடைய சொற்களிலேயே எழுதும்படியும் கேட்டிருந்தார். நான் பைல் நாட்டுக்கு நடந்தேன். அக்கா இடது கையால் ராகி கிளறப் பழகியிருந்தார். பானையைக் காலால் அணைத்துப் பிடித்திருந்தார். கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"என்னத்தங்க எழுதறது?" என்றார். துடுப்பை நிறுத்தவில்லை. "இங்க நல்ல மழைன்னு எழுதுங்க."

"அக்கா, நான் அன்னிக்கி அவங்ககிட்டச் சொல்லாம இருந்திருக்கணும். இல்லாட்டி முதல்லயே சொல்லியிருக்கணும்."

 அவர் துடுப்பை எடுத்துவிட்டுப் பானையை ஓரமாக நகர்த்தினார். "நீங்க ரெண்டு தடவையும் எங்களக் கேக்கலீங்களே டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களி ஆறுவதற்குள் ஒரு உருண்டை வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த அம்மாவுக்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். அனுப்பவில்லை.

அடுத்த வருஷம் அக்காவின் புருஷனுக்குக் கேரளாவில் ஒரு எஸ்டேட்டில் நிரந்தரமாக வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போவதென்று முடிவாயிற்று. மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. டி.சி. வாங்க அவளே வந்தாள். அங்கே எந்தப் பள்ளி என்று கேட்டேன். அவள் என் மேசை மேலிருந்த டஸ்டரைப் பார்த்துக்கொண்டு, "அங்க மலையாளங்க டீச்சர்" என்றாள். எனக்குப் புரிந்தது. விடுதியில் தங்கிப் படிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "அம்மாவுக்கு ஜாக்கெட் போட்டுவுடறது ஆருங்க?" என்று கேட்டாள். டி.சி.யை எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாயிரத்து மூன்றில் எனக்கு மாத்தல் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோளக்காட்டுச் சந்தையில் அக்கா குடும்பத்தோடு கேரளா போய்த் திரும்பியிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஷெட்டில் வேலை செய்தவள்தான். அக்கா அங்கே பறிக்கிற ஆட்கள் பத்துப் பதினைந்து பேருக்கு ஒற்றைக் கையால் பொங்கிப் போடுகிறார், மகளும் மற்றவர்களோடு பறிக்கப் போகிறாள், குளிர் வந்தால் இல்லாத கை வலிக்கிறது என்று சொல்லித் தேய்க்கச் சொல்கிறார் என்றாள்.

"என்னையப் பத்தி எதாச்சும் கேட்டாங்களா?"

அவள் வாழைத்தாரைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லீங்க டீச்சர்" என்றாள். பஸ் ஹாரன் அடிக்கவும், "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.